ஆடாத எண்

துரைராஜைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. பாம்புக்குப் பயப்பட மாட்டான். கரண்ட்டில் கை வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் ஷாக்குக்கும் பயமில்லை. அவனுடைய பயம் முழுவதும் தண்ணீர் மேல்தான். அதுவும் கண்ணால் பார்க்க முடியாத தண்ணீர் மேல்.

நெய்வேலிச் சுரங்கத்தில் சம்பளம் வாங்குகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கரிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது என்று. குளத்துத் தண்ணீர் போல அடங்கிக் கிடப்பதில்லை. மேலே வர வழி தேடி முட்டிக்கொண்டு நிற்கிறது. குழியைச் சுற்றிலும் பம்புகள் ராப்பகலாக அதை இறைத்துக்கொண்டிருப்பதால்தான் குழியின் தரை தரையாக இருக்கிறது. பம்புகள் ஓய்ந்துபோய் அது யாருக்கும் தெரியாமலும் போனால் தரை உப்பும், வெடிக்கும், கீழே இருப்பவர்கள் ஓடி ஏற நேரம் இருக்காது. அந்தத் தரையில்தான் அவனுடைய அண்ணன் அய்யனார் குழாய் மாற்றுகிற கூட்டத்தோடு நின்று வேலை பார்த்தான்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் காலம் தள்ளிய குடும்பம் அது. அதிலிருந்து முதலில் சுரங்கத்துக்கு வந்தவன் அய்யனார். காண்ட்ராக்டில் மண் சுமந்து, பெர்மனென்ட் ஆகி, தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தான். இப்போது தம்பி பம்பு கண்ட்ரோல் ரூமில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கருவிகளைப் பார்த்துக்கொள்கிறான். அண்ணன் முழங்கால் சேற்றில் நிற்கிறான். மேலே இருக்கிறவன் கண் அசந்தால் போவது கீழே இருக்கிறவன் உயிர் என்பதைத் துரைராஜ் நினைக்காத நாள் கிடையாது.

அந்தப் புரட்டாசி வரை ஒவ்வொரு பம்புக்குப் பக்கத்திலும் ஓர் ஆள் போனோடு உட்கார்ந்திருந்தார். பம்பு நின்றால் அவர் கூப்பிட்டுச் சொல்வார். அந்த ஆட்களை எடுத்துவிட்டு மணி வைக்கலாம் என்று மேலே முடிவானது. ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானதுதான். ஓடுகிற ஒவ்வொரு பம்பும் தனக்கென்று ஒரு விசில் சத்தத்தை வயர் வழியே அனுப்பிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு காது. விசில் நின்றால் அந்தக் காது மணியை அடிக்கும். ஒரே வயரில் இத்தனை விசிலையும் குழப்பமில்லாமல் பிரிக்க ஆசிலேட்டர் என்று ஒரு பெட்டி இருந்தது. கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் போல அது சுருதி பிசகாமல் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒத்து இறங்கினால் எல்லா விசிலும் இடம் நகர்ந்துவிடும். பக்கத்துப் பம்பின் விசில் இந்தப் பம்பின் காதில் விழும். இந்தப் பம்பு செத்துக் கிடந்தாலும், காது பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டு, ‘உயிரோடுதான் இருக்கிறான்’ என்று மணியை அடிக்காமல் விட்டுவிடும்.

அந்த ஆசிலேட்டர்தான் மக்கர் செய்தது. காலைக் குளிர்ச்சியில் பம்பை நிறுத்திப் பார்த்தபோதெல்லாம் மணி ஒழுங்காக அடித்தது. வெயில் ஏற ஏறத்தான் துடிப்பு விலகியது. புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்று சும்மாவா சொன்னார்கள்? பெட்டிக்குள் துடிப்பைக் கொடுக்கிற படிகத்தைச் சமமான சூட்டில் வைத்திருக்கும் சுவிட்ச் பழுதாகியிருக்கும் என்று துரைராஜ் அதை மாற்றினான். மாற்றியது சரியாகிவிட்டதா என்று அளந்து சொல்ல வேண்டிய பொறுப்பும் அவனுக்கே வந்தது.

அளப்பதற்குச் சீமையிலிருந்து கவுண்டர் என்று ஓர் எண்ணும் கருவி வந்திருந்தது. இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள நேரத்தை எண்ணுவதுதான் அதன் வேலை. முன்பக்கம் இரண்டு சாக்கெட்: ஒன்றில் துடிப்பு வந்தால் எண்ணத் தொடங்கும், மற்றதில் வந்தால் நிறுத்தும். நடுவே எவ்வளவு நேரம் போனது என்பதைத் தன் வயிற்றுக்குள் இருக்கும் சொந்தப் படிகத்தை வைத்து எண்ணி, சிவப்பு எண்களாகக் காட்டும். எண் ஒரே இடத்தில் நின்றால் ஆசிலேட்டர் நல்லது. மெல்ல மெல்ல ஏறினாலோ இறங்கினாலோ பழுது. எவ்வளவு நல்ல ஆசிலேட்டராக இருந்தாலும் கடைசி எண் மட்டும் ஒன்று கூடுவதும் குறைவதுமாகக் கொஞ்சம் துள்ளும். துரைராஜ் அந்த எண்களுக்கு முன்னால் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

அளவு பாதியில் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது.

பம்பை நிறுத்த முடியாது என்பதால் ஓடுகிற பம்புக்கே பொட்டு வைத்து மாலை போட்டார்கள். மற்றபடி கண்ட்ரோல் ரூமில் சின்ன ஸ்குரூடிரைவர் வரை எல்லாவற்றுக்கும் அன்றைக்கு ஓய்வு. மேஜைக் கருவிகளின் வயர்களைக் கழற்றி, துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்து, முன்னும் பின்னும் தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார்கள். கவுண்டரை அணைக்காமல் வைத்திருந்தால் நல்லது என்று துரைராஜ் முனகிப் பார்த்தான். உன் மெஷினுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா என்று எல்லாரும் கேட்டார்கள். பொரியும் சுண்டலும் கையில் வந்ததும் அவனும் சும்மா இருந்துவிட்டான்.

மறுநாள் விஜயதசமி, திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும்; அதற்குள் ஆயுதத்தை எடுத்து வேலையைத் தொடங்கிவிட வேண்டும். துரைராஜ் அவசர அவசரமாக வயர்களை மாட்டினான். எல்லாம் மாட்டிய பிறகு ஆசிலேட்டரிலிருந்து வந்த ஒரு வயர் முனை சும்மா தொங்கியது. கவுண்டருக்குப் பின்னால் ஒரு சாக்கெட் காலியாக இருந்தது. தொங்குகிற வயரையும் காலியான சாக்கெட்டையும் பார்த்தால் எவன் கைதான் சும்மா இருக்கும்? செருகினான். பொருந்தியது. கடிகாரம் ஏழே கால் காட்டியது. கற்பூரம் காட்டி சுவிட்சைப் போட்டான்.

எண் வந்தது, நின்றது. வெயில் ஏறியது, எண் ஏறவில்லை. தகரக் கூரை சுட்டது, எண் அசையவில்லை. செதுக்கி வைத்தது போல நின்றது. துரைராஜுக்கு மட்டுமா சந்தோஷம்? அசிஸ்டென்ட் இன்ஜினீயர் சோமசுந்தரம் வந்து பார்த்துவிட்டு அவன் தோளைத் தட்டினார். சேலத்துக்காரர், சின்ன வயது, போன் மணி அடித்தாலே நிமிர்ந்து உட்காருகிற ஆள். அவரே போனை எடுத்துச் சுரங்கத்துக்குச் சொன்னார். மத்தியானம் இரண்டு மணி ஷிப்டிலிருந்து பம்புக்கு ஆள் வேண்டாம், இனி மணியே பார்த்துக்கொள்ளும் என்று உத்தரவாயிற்று.

சாப்பிட குவார்ட்டர்ஸுக்குப் போனான் துரைராஜ். அடுத்த பிளாக்கில் குடியிருந்த அய்யனாரும் இரண்டாவது ஷிப்டுக்குப் போகிற வழியில் வந்திருந்தான். துரைராஜின் மனைவி ருக்குமணி இரண்டு பேருக்கும் இலை போட்டாள்.

“பம்புக்காரங்கள எடுக்கறாங்களாமே,” என்றான் அய்யனார். “நீ பாத்துக்கினியா?”

“பாத்துட்டேண்ணா.”

“அப்ப சரி.”

வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டான். துரைராஜுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ருக்குமணி ரசம் ஊற்றிக்கொண்டே மந்தாரக்குப்பத்து அரிசிக் கடைக்காரரைப் பற்றிப் பேச்செடுத்தாள். அவர் அளவில் குறைக்கிறார் என்று பிளாக்கே பேசிக்கொண்டிருந்ததாம். அவளும் சந்தேகப்பட்டு, அரிசி வாங்கும்போது அவரிடமே படியைக் கேட்டு வாங்கிவந்து வீட்டில் அளந்து பார்த்தாளாம்.

“கொஞ்சங்கூட குறையல மாமா. பாவம், நல்ல மனுசன். அநியாயமா பேசிக்கினு இருக்கோம்.”

அய்யனாருக்குப் புரை ஏறியது. சிரித்து முடித்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்:

“அவன் படியாலயே அவன் அரிசிய அளந்தா எங்கம்மா குறையும்? அடியில மெழுகு வச்சிருந்தான்னா, கடையிலயும் அதே மெழுகுதான், வூட்லயும் அதே மெழுகுதான்.”

சிரித்துக்கொண்டே கையைக் கழுவினான், தூக்குவாளியை எடுத்துக்கொண்டான், ஷிப்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான். ருக்குமணியும் வெட்கத்தோடு சிரித்தாள். துரைராஜும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனவன் பாதியில் நிறுத்தினான்.

கடைசி எண் ஏன் துள்ளவில்லை?

நல்ல ஆசிலேட்டருக்கும் துள்ளுமே. காலையிலிருந்து ஒரு தடவைகூடத் துள்ளவில்லையே. அந்தத் தொங்கல் வயரை எதற்குள் செருகினோம்? சோறு இலையில் விழுந்தது. அவன் முகத்தைப் பார்த்து ருக்குமணி பயந்துபோய் என்ன என்று கேட்டாள். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் சைக்கிளை எடுத்தான்.

வழியெல்லாம் ஒரே ஒரு வேண்டுதல்தான்: நான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டும். ஷிப்டு பஸ் வெகு தூரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போவது தெரிந்தது. அதில் அண்ணன் இருக்கிறான். எட்டிப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் என்ன சொல்வது? நிச்சயமாக ஒன்றும் தெரியாதே. பெடலில் கால் வழுக்கியது.

கண்ட்ரோல் ரூமுக்குள் ஓடி, கவுண்டரைத் திருப்பி, பின்பக்கம் அந்த சாக்கெட்டுக்கு மேல் காய்ந்து கிடந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். குங்குமம் உதிர்ந்தது. அதன் அடியில் எழுத்து இருந்தது. வெளிக் கடிகாரத்துக்கான சாக்கெட் அது. அதில் எதையாவது செருகினால் கவுண்டர் தன் சொந்தப் படிகத்தை ஒதுக்கிவிட்டு, செருகியதையே கடிகாரமாக எடுத்துக்கொள்ளும். காலையிலிருந்து அந்த ஆசிலேட்டர் தன்னைத் தானே அளந்துகொண்டிருக்கிறது. அது எவ்வளவு தடம் புரண்டாலும் அளவுகோலும் கூடவே புரளும். எண் எப்படி அசையும்?

தெய்வ காரியமாகப் பூசிய சந்தனம். யாரைக் குறை சொல்வது? செருகியது அவன் கை.

வயரைப் பிடுங்கினான். எண் ஒரு தரம் அணைந்து மறுபடி வந்தது. வேறு எண். கடைசி இலக்கம் துள்ளியது. அடுத்தது நகர்ந்தது. அப்புறம் அதற்கு அடுத்ததும் நகரத் தொடங்கியது.

சோமசுந்தரத்துக்கு ஆள் போய், அவர் வருவதற்குள் அவனுக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான். அவர் முகமும் வெளிறியது. ஆனால் மனுஷர் முட்டாள் இல்லை. எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கவுண்டரே நேத்து முழுக்க அணைஞ்சு கிடந்தது. அதோட படிகம் சூடாகி ஒரு நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்னு அதோட புக்லயே போட்டிருக்கான். இப்ப நகர்றது ஆசிலேட்டரா, கவுண்டரா? உன்னால சத்தியம் பண்ண முடியுமா?”

அவர் கேட்டது நியாயம். படியும் நம்ப முடியாத படி, அரிசியும் நம்ப முடியாத அரிசி.

“முடியாதுங்க சார்.”

நாளை நிதானமாக அளந்து பார்க்கலாம், அதற்குள் ஊரைக் கூட்ட வேண்டாம் என்றார் அவர். காலையில் அவரே போன் செய்து சரி என்று சொன்ன விஷயம். மத்தியானமே இல்லை என்று சொன்னால் மேலே உள்ளவர்கள் என்ன சொல்வார்கள் என்ற கிலி அவருக்கு. துரைராஜுக்கு அவரைப் பார்த்தால் கோபம் வரவில்லை. தன் பயமும் அவர் பயமும் ஒரே தொழுவத்தில் நிற்கிற இரண்டு மாடுகளாகத்தான் தெரிந்தன. ஆனால் அவன் அண்ணன் இந்நேரம் குழிக்குள் இறங்கிக்கொண்டிருப்பான்.

“எங்க அண்ணன் கீழ இருக்காருங்க சார்,” என்றான். “நான் பாத்துட்டேன்னு சொல்லித்தான் போயிருக்கார். ஒரு பம்ப நிறுத்திப் பாத்துடலாம். நல்லா வெயில் ஏறியிருக்கு. தெக்குப் பம்புக்காரரு பழனிவேல் இன்னும் எடத்த வுட்டுப் போவல.”

விஜயதசமியும் அதுவுமாக, மாலை போட்ட பம்பை நிறுத்துவதா என்று சோமசுந்தரம் தயங்கினார். நல்ல நாளில் நின்ற யந்திரம் வருஷம் முழுக்க நிற்கும் என்று பயப்படுகிற ஊர். கடிகாரத்தைப் பார்த்தார். ஷிப்டு மாறப் போகிறது. பம்புக்காரர்கள் கிளம்பிவிட்டால் கேட்பதற்கும் ஆள் இருக்காது. சட்டென்று போனை எடுத்தார்.

தெற்கு ஓரத்துப் பம்பில் இருந்தவர் பழனிவேல். பம்பை நிறுத்துங்கள் என்றதும் அவர் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். லைனைத் துண்டிக்காமல் போய் நிறுத்தினார். போன் வழியே தூரத்தில் அந்த இரைச்சல் இறங்கி, இழுத்து, அடங்குவது கேட்டது.

இரண்டு பேரும் சுவரில் இருந்த மணியைப் பார்த்தார்கள்.

பித்தளை மணி. அதற்கும் நேற்று பொட்டு வைத்திருந்தார்கள். துரைராஜ் தன் வாழ்நாளில் எந்தச் சத்தத்துக்கும் அப்படி ஏங்கியதில்லை. அடி, அடி என்று மனசுக்குள் கெஞ்சினான். அடித்தால் அவன் முட்டாள் ஆவான், கண்ட்ரோல் ரூமே கைகொட்டிச் சிரிக்கும். சிரிக்கட்டும். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மணியின் நாக்கு அசையவில்லை. செத்துப்போன பம்பின் காதில் பக்கத்துப் பம்பின் விசில் விழுந்துகொண்டிருந்தது.

“சார், பம்பு நின்னுப்போச்சுங்க,” என்று பழனிவேலின் குரல் போனில் வந்தது. “அங்க மணி அடிச்சிச்சுங்களா?”

சோமசுந்தரம் போனைத் துரைராஜிடம் நீட்டினார்.

“அடிக்கலண்ணே,” என்றான் துரைராஜ். “மறுபடி ஓட்டுங்க. நீங்க எடத்த வுட்டு எழுந்திரிக்காதீங்க. யாரு சொன்னாலும் எழுந்திரிக்காதீங்க.”

அப்புறம் நடந்ததில் சோமசுந்தரத்தைப் பாராட்டத்தான் வேண்டும். அவர் தானே சுரங்கத்தைக் கூப்பிட்டு, நாங்கள் தப்பாக அளந்துவிட்டோம், ஆட்களை எடுக்காதீர்கள் என்றார். ‘நாங்கள்’ என்றுதான் சொன்னார். மறுமுனையில் யாரோ கத்தியதை நின்றபடியே கேட்டுக்கொண்டார். துரைராஜ் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். பயம் போன பிறகு வருகிற அழுகை என்று நினைப்பீர்கள். இல்லை. பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. ருக்குமணி அரிசிக் கடைப் பேச்சை எடுக்காமல் இருந்திருந்தால் என்ற இடத்துக்கு அப்பால் அவனால் யோசிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனான். போகாமலே இருந்திருக்கலாம். ஆட்களை ஏன் எடுக்கவில்லை என்று அய்யனார் கேட்டிருக்கவே மாட்டான். ஆபீஸில் ஆயிரம் மாற்றுவார்கள் என்று விட்டிருப்பான். வாசலில் கால் வைத்தபோது துரைராஜுக்கு நேற்று மணியைப் பார்த்து நின்றபோது இருந்ததைவிடப் பயம் கூடுதலாக இருந்தது. இருந்தாலும் ஒன்று விடாமல் சொன்னான். வயரைச் செருகியது, எண் ஆடாமல் நின்றது, பார்த்துவிட்டேன் என்று வாய் கூசாமல் சொன்னது, கடைசியில் மணி அடிக்காதது, எல்லாம்.

அய்யனார் பழைய சோற்றுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். திட்டவில்லை. வெங்காயத்தைக் கடித்தான், மென்றான். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டினால் தேவலாம் என்று துரைராஜுக்கு இருந்தது.

“இன்னிக்கும் பழனிவேலு அங்க ஒக்காந்துகினு இருப்பாரா?” என்று கேட்டான் அய்யனார்.

“இருப்பாருண்ணா.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியைக் கழுவ எழுந்து போனான்.